ப்ரீ-எக்லாம்ப்சியா: தமிழில் என்னவென்று எழுதுவது?

எக்லாம்ப்சியா என்பது கர்ப்பத்தையொட்டி வரும் வலிப்பு; அதற்கு முந்திய, ரத்த அழுத்தம் ஏறும் கட்டம் ப்ரீ-எக்லாம்ப்சியா. எக்லாம்ப்சியா கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ‘எக்’ என்றால் வெளியே. ‘லாம்ப்பெய்ன்’ என்றால் ஒளிர்தல். இரண்டும் சேர்ந்த ‘எக்லாம்ப்சிஸ்’ திடீரென்று பளிச்சிடுவதைக் குறிக்கும். விளக்கைக் குறிக்கும் ‘லாம்ப்’ கூட அதே வேரில் பிறந்ததுதான். வலிப்புக்கும் ஒளிக்கும் என்ன உறவு என்று யோசிக்க வேண்டாம். தமிழில் மின்னலும் வெட்டுகிறது, வலிப்பும் வெட்டுகிறது. ‘வெட்டு வலிப்பு’ என்று நாம் சொல்வதில் உள்ள அந்தத் திடீர்த்தன்மைதான் கிரேக்கச் சொல்லிலும் இருக்கிறது.

தொடக்கத்தில் இது கர்ப்பிணிகளுக்கு மட்டும் உரிய சொல்லாக இல்லை. 1739-இல் பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா புவாசியே தெ சோவாஜ், காக்காய் வலிப்பு என்று நாம் சொல்லும் நாட்பட்ட நோயிலிருந்து, திடீரென்று வந்துபோகும் வலிப்புகளைப் பிரித்துக்காட்ட இதைப் பயன்படுத்தினார். பிறகுதான் கர்ப்பத்தையொட்டி வரும் வலிப்புக்கு என்று இது ஒதுங்கியது.

‘ப்ரீ’, அதாவது ‘முன்’ என்ற ஒட்டு வந்த கதை தனி. 1843-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் லீவர், வலிப்பு கண்ட கர்ப்பிணிகளின் சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் இருப்பதைக் கண்டார். அத்தகைய சிறுநீரைக் காய்ச்சினால் முட்டையின் வெள்ளைக்கருவைப் போல வெளுத்துத் திரளும். அந்த நூற்றாண்டின் கடைசியில் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் வந்தது. சிறுநீரில் புரதம், ஏறிய அழுத்தம், முகத்திலும் கையிலும் வீக்கம் என்று ஒரு கட்டம் வலிப்புக்கு முன்பே இருப்பது தெளிவாயிற்று. அந்தக் கட்டத்துக்கு வைத்த பெயர்தான் ப்ரீ-எக்லாம்ப்சியா.

இன்றைய வரையறை இது: கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போக வேண்டும். அதோடு சிறுநீரில் புரதமோ, சிறுநீரகம், கல்லீரல், ரத்தத் தட்டணு, மூளை போன்றவற்றில் பாதிப்பின் அறிகுறியோ இருக்க வேண்டும். அழுத்தம் மட்டும் ஏறியிருந்தால் அது கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம்; இது அல்ல. நாளிதழ்கள் இரண்டையும் ஒன்றாக்கி ‘கர்ப்பிணிகளுக்கு பிபி’ என்று எழுதிவிடுகின்றன.

தமிழில் புழங்கும் நேர்ச்சொல் ‘முன்சூல்வலிப்பு’. சூல் என்றால் கரு, கருவுற்றிருத்தல். சூல் கொண்ட மேகம் என்கிறோமே, அந்தச் சூல். வயிற்றுக் குத்தலைக் குறிக்கும் ‘சூலை’ வேறு. அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வலிப்பு, இழுத்தல் என்னும் பொருளுடைய ‘வலி’யிலிருந்து வருவது. துடுப்பு வலிப்பதும் கைகால் வலிப்பதும் ஒரே வினைதான். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் கர்ப்பத்தைப் பற்றிய பேச்சில் ‘வலி’ என்றதும் எல்லார் காதிலும் பிரசவ வலிதான் விழும். ‘சூல்வலிப்பு’ என்று முதன்முறை படிக்கிறவர் அதைப் பிரசவ வலி என்று எடுத்துக்கொள்ள நிறைய வாய்ப்பு உண்டு.

இதைவிடப் பெரிய குறை மூலச்சொல்லிலேயே இருக்கிறது. ப்ரீ-எக்லாம்ப்சியா உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு வலிப்பு வருவதே இல்லை. சிலருக்கு இந்த முன்கட்டம் கண்ணில் படாமலே வலிப்பு வந்துவிடுகிறது. குழந்தை பிறந்து சில நாள் கழித்து வலிப்பு வருபவர்களும் உண்டு. ஆக ‘முன்’ என்பதும் ‘வலிப்பு’ என்பதும் நோயின் கடைசி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வைத்த பெயர். நோய் தொடங்கும் இடம் அதற்குப் பல மாதம் முந்தியது. தாயின் நோயெதிர்ப்பு அமைப்பும் குழந்தையின் நஞ்சும் சந்திக்கும் இடம் அது.

நஞ்சு என்ற சொல்லுக்காகக் கொஞ்சம் நிற்கிறேன். பிள்ளை பிறந்த பிறகு வெளியேறும் உறுப்பை நஞ்சு என்கிறோம். ‘நஞ்சு விழுந்துவிட்டதா’ என்றுதான் பேறு பார்ப்பவர்கள் கேட்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலை மருத்துவம் இந்த நோயை ‘டாக்ஸீமியா’, அதாவது ரத்தத்தில் நஞ்சு கலத்தல் என்றே அழைத்தது. எந்த நஞ்சு என்று காட்ட முடியாததால் அந்தப் பெயர் கைவிடப்பட்டது. பிறகு 2003-இல் பாஸ்டனில் அனந்த் கருமாஞ்சியின் குழு, நோயுற்ற நஞ்சு ஒரு புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் விடுவதைக் காட்டியது. அதன் பெயர் எஸ்எஃப்எல்டி-1. ரத்தக்குழாயின் உட்சுவரைப் பேணும் காரணிகளை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. உட்சுவர் கெட்டு, அழுத்தம் ஏறி, சிறுநீரகம் புரதத்தைக் கசிய விடுகிறது. நஞ்சு வெளியேறிய பிறகுதான் நோய் தணியத் தொடங்கும். குழந்தையே உருவாகாமல் நஞ்சு மட்டும் வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்திலும் இந்த நோய் வரும் என்பது போதுமான சாட்சி. இதை வைத்து ‘நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்; ஒரு சொல் ஒத்துப்போனது, அவ்வளவுதான்.

நஞ்சு ஏன் நோயுறுகிறது என்பதில்தான் நோயெதிர்ப்பு வருகிறது. குழந்தையின் மரபணுவில் பாதி தந்தையுடையது. வேற்று உறுப்பைப் பொருத்தினால் உடல் தள்ளிவிடும்போது, பாதி வேற்றான இதை மட்டும் ஒன்பது மாதம் எப்படி ஏற்கிறது? 1953-இல் பீட்டர் மெடவார் இந்தக் கேள்வியை எழுப்பி மூன்று விடைகள் சொன்னார்: இரு உடல்களுக்கும் நடுவே தடுப்பு இருக்கலாம், கருவின் அடையாளங்கள் இன்னும் முதிராமல் இருக்கலாம், தாயின் எதிர்ப்பு மந்தமாகியிருக்கலாம். மூன்றுமே முழுவிடை ஆகவில்லை. தாயின் எதிர்ப்பு தூங்குவதும் இல்லை.

முதல் மூன்று மாதங்களில் கருப்பையின் உள்படலத்தில் உள்ள வெள்ளணுக்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு ‘இயற்கைக் கொல்லி’ செல்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. இங்கே அவை கொல்வதில்லை. நஞ்சிலிருந்து புறப்படும் செல்கள் கருப்பைச் சுவருக்குள் நுழைந்து, அங்குள்ள குறுகலான சுருள் தமனிகளை அகலமான குழாய்களாக மாற்ற வேண்டும். அந்த வேலைக்கு இந்தக் கொல்லி செல்கள் உடனிருந்து உதவுகின்றன. நுழையும் செல்லின் மேல் எச்எல்ஏ-சி என்ற அடையாளம் இருக்கிறது. தாயின் கொல்லி செல்லில் அதைப் படிக்கும் கேஐஆர் ஏற்பிகள் இருக்கின்றன. தாயிடம் அடக்கும் வகை ஏற்பிகளே மிகுந்து, குழந்தையிடம் அந்த அடையாளத்தின் எச்எல்ஏ-சி2 என்ற வகை இருந்தால் ப்ரீ-எக்லாம்ப்சியாவுக்கு வாய்ப்பு கூடுகிறது என்று 2004-இல் கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெட்டின் குழு கண்டது. கொல்லி செல்கள் அளவுக்கு மீறி அடங்கிவிடுகின்றன. தமனிகள் அகலாமல் நின்றுவிடுகின்றன. நஞ்சுக்கு ரத்தம் போதவில்லை.

ஆகவே ‘தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தையைத் தாக்குவதால் வரும் நோய்’ என்று எழுதுவது தவறு. அப்படித் தாக்குவது தாய்க்கும் குழந்தைக்கும் ஆர்எச் ரத்தவகை பொருந்தாதபோது. அங்கே தாயின் எதிர்ப்பொருள் நேராகக் குழந்தையின் சிவப்பணுவை அழிக்கிறது. இங்கே நடப்பது பெரும்பாலும் உதவி கிடைக்காமல் போவது. ‘நோயெதிர்ப்பு’ என்ற சொல்லில் ‘எதிர்ப்பு’ உட்கார்ந்திருப்பதால்தான் இந்தத் தடுமாற்றம். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடியும் மாத்திரையும் இதற்கு உதவும் என்பவர்களும் அந்தச் சொல்லில் வழுக்கியவர்களே.

தந்தைவழி அடையாளங்களோடு தாயின் உடலுக்கு ஏற்படும் பழக்கமும் இதில் சேரும். முதல் கர்ப்பத்தில் இந்த நோய் அதிகம். வேறொருவரின் கருமுட்டையில் கருவுற்றால் இன்னும் அதிகம். எதிர்ப்பை அடக்கி வைக்கும் ‘ஒழுங்காற்று டி செல்கள்’ இந்நோயில் குறைவாகக் காணப்படுகின்றன. இந்தச் செல்களைக் கண்டறிந்த ஷிமோன் சகாகுச்சி, அவற்றுக்கு அடிப்படையான மரபணுவைக் கண்டறிந்த மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-இன் மருத்துவ நோபல் கிடைத்தது.

வாய்ப்பு கூடுதலாக உள்ளவர்களுக்கு 16 வாரத்துக்குள் சிற்றளவு ஆஸ்பிரின் தொடங்குவதும் அந்தச் சுருள் தமனிகளை எண்ணித்தான். தமனிகள் மாறும் காலம் அது. தானாக வாங்கிப் போடுவதல்ல, மருத்துவர் சொன்னால் மட்டும். வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்ஃபேட் இருக்கிறது. அது வலிப்பின் வாய்ப்பைப் பாதியாகக் குறைப்பதை 2002-இன் மேக்பை ஆய்வு காட்டியது.

எந்தச் சொல்லை எழுதுவது? கட்டுரையில் முதல் இடத்தில் ‘முன்சூல்வலிப்பு எனப்படும் ப்ரீ-எக்லாம்ப்சியா’ என்று எழுதி, பிறகு முன்சூல்வலிப்பு என்றே தொடரலாம். குறையுள்ள சொல்தான்; ஆனாலும் வேரூன்றத் தொடங்கிவிட்டது, மாற்றினால் தேடுபவருக்குத்தான் சிரமம். நோயாளியிடம் பேசும்போது இது வேண்டாம். ‘அழுத்தம் ஏறியிருக்கிறது, நஞ்சு சரியாக வேலை செய்யவில்லை, விடாத தலைவலியோ, கண்ணில் பளிச்சிடுவதோ, மேல்வயிற்று வலியோ வந்தால் உடனே வாருங்கள்’ என்றால் போதும். குழந்தை பிறந்த பிறகு வரும் வலிப்பைப் பற்றி எழுதும்போது முன்னும் இல்லை, சூலும் இல்லை. அங்கே ‘பேற்றுக்குப் பிந்திய வலிப்பு’ என்று எழுதுவதே சரி.