தலையில் அடிபட்ட பையனுக்கு நீங்கள் அனுப்பிய செய்தி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிசியோவாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பல்கலைக்கழக மாணவர்கள். ரக்பி, கால்பந்து, நெட்பால், கிரிக்கெட் என்று எல்லா ஆட்டக்காரர்களும் உண்டு. ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ரக்பி ஆடும் பையன், இரண்டாம் ஆண்டு மாணவன். ஆட்டத்தின் பிற்பாதியில், பந்தோடு ஓடியவனைப் பிடித்து வீழ்த்தும் ஒரு டேக்கிளில் தலை மோதிவிட்டது. டாக்டர் அவனை வெளியே அழைத்துக்கொண்டார். அவன் விட்டுப்போன இடத்தின் வழியாகவே எதிரணி கடைசி நிமிடங்களில் புகுந்து ஜெயித்தது. மறுநாள் தோள்வலிக்காக என்னிடம் வந்தான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றதால் விளக்கை அணைத்தேன். பைக்குள் கைபேசி விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. ஐஸ் வைத்துக்கொண்டே எடுத்துக் காட்டினான். எல்லாம் ரசிகர்கள் அனுப்பியவை: பயந்தாங்கொள்ளி, நடிப்பு, பர்சரிப் பணம் (படிப்புக்கான உதவித்தொகை) வீண். ஒருவர் அவன் அம்மாவையும் இழுத்திருந்தார்.

"நான் வெளியே போகணும்னு கேட்கவே இல்லையே, டாக்டர்தானே கூப்பிட்டார்" என்றான். மூன்று முறை அதையே சொன்னான்.

அவன் சொன்னது முழு உண்மை. கன்கஷன், அதாவது தலை மோதி மூளை அதிர்ந்த காயம், இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரரை வெளியேற்ற வேண்டும். அன்று திரும்ப இறக்கக்கூடாது. இதில் அவனிடம் யாரும் விருப்பம் கேட்பதில்லை. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்கள் வகுத்த பரிந்துரைகளில், முதல் 48 மணி நேரம் திரை பார்ப்பதைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் காயத்தால் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், சின்ன விஷயத்துக்கும் அழுகை வரும். கைபேசியைத் தொடாதே என்று நாங்கள் சொல்கிற அதே இரண்டு நாளில்தான் ரசிகர்களின் கோபமும் உச்சத்தில் இருக்கிறது. அடிபட்ட மூளைக்கு, தாங்கவே முடியாத நேரம் பார்த்து, வசை போய்ச் சேர்கிறது.

நான் இதையெல்லாம் வெளியே சொல்லவும் முடியாது. அவனுக்கு என்ன காயம் என்று சொல்லும் உரிமை அவனுக்கு மட்டுமே உண்டு. பல சமயம் அணித் தேர்வுக்குப் பயந்து அவனும் சொல்லமாட்டான். ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை) முழுதாக ஆறாமல் ஓடுகிறவனைப் பார்த்து "சோம்பேறி" என்று எழுதுகிறவருக்கு உண்மை தெரிய வழியே இல்லை.

அந்தச் செய்திகளில் ஒன்றை எழுதியவர் எனக்குத் தெரிந்தவர். கோயில் கமிட்டியில் இருக்கும் பெரியவர். முழங்கால் வலிக்காக என்னிடமே வருகிறார். அடுத்த முறை வந்தபோது பொதுவாகப் பேச்சை எடுத்தேன். அவரே சொன்னார்: "நம்ம பையன் நல்லா வரணும்னுதான்மா எழுதினேன். எங்க காலத்துல கிரவுண்டுல எவ்வளவு கத்தியிருக்கோம்!"

"அங்கிள், கிரவுண்டுல கத்தினதை அவன் அம்மா படுக்கையில உக்காந்து படிச்சாங்களா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் மேனிங் ரேஞ்சர்ஸ் கால்பந்து அணியின் பெயர் ஓங்கியிருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. 1996-97இல் பி.எஸ்.எல். என்ற தென்னாப்பிரிக்கத் தொழில்முறைக் கால்பந்துப் போட்டியின் முதல் பருவத்தையே வென்ற அணி. தவறவிட்ட கோலுக்கு அப்பா தொண்டை கிழியக் கத்துவார். ஆனால் அது கூட்டத்தின் இரைச்சலில் ஒரு குரல். அதே ஆட்டக்காரரைக் கடையில் நேரில் பார்த்தால் "என்ன தம்பி ஆச்சு?" என்றுதான் கேட்பார், பதிலையும் நின்று கேட்பார். தவிர, அவர்கள் சம்பளத்துக்கு ஆடியவர்கள். 2008 முதல் நடக்கும் வார்சிட்டி கப் என்ற பல்கலைக்கழக ரக்பிப் போட்டியைப் பாருங்கள்: திங்கள் இரவு தொலைக்காட்சியில் தெரிகிற பையனுக்குச் செவ்வாய் காலை வகுப்பு இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். ஆட்டத்தைப் பற்றி உங்களுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். "பின்வரிசை இடைவெளி விட்டது, உதைகள் எல்லாம் நேரே எதிராளி கைக்குப் போயின" என்று எழுதுங்கள்; கோச்சைக் கேள்வி கேளுங்கள். ஆனால் அவன் பெயரை டேக் செய்யாதீர்கள், அவன் இன்பாக்ஸுக்குள் போகாதீர்கள். அவனைப் பற்றிப் பேசுவது வேறு, அவன் அறைக் கதவைத் தட்டிச் சொல்வது வேறு.

பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. என்னிடம் வரும் நெட்பால் ஆட்டக்காரிகளுக்கு ஆட்டத்தைப் பற்றி வருவது குறைவு. உடம்பைப் பற்றி வருவதுதான் அதிகம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. 2024இல் வெளியிட்ட ஆய்விலும் கூடைப்பந்து ஆடும் பெண்களுக்கு ஆண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வசை வந்திருந்தது. உறுதிசெய்யப்பட்ட வசைகள் 5,000க்கும் மேல். சுமார் 12 விழுக்காடு பந்தயப் பணம் தொடர்பானவை. இங்கும் பந்தயம் கட்டித் தோற்றவர்கள் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துத் திட்டுகிறார்கள். "உன்னாலே என் காசு போச்சு" என்று பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு எழுதுவதா?

சட்டமும் இருக்கிறது. தொல்லைக்கு எதிரான 2011ஆம் ஆண்டுச் சட்டம் 2013 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. அதன்கீழ் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். முகம் மறைத்து எழுதுகிறவர் யாரென்று சொல்லும்படி சேவை நிறுவனத்துக்குக் கோர்ட் உத்தரவிட முடியும். வன்முறை செய்வேன் என்று மிரட்டி எழுதுவது 2021 டிசம்பரிலிருந்து சைபர் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். அதனால் ஆட்டக்காரரின் வீட்டாருக்கு ஒரு வார்த்தை: மோசமான செய்தியை உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரியும்படி. பிறகு பிளாக் செய்யுங்கள். அந்த வேலையை ஆட்டக்காரர் செய்யவேண்டாம், இன்னொருவர் செய்யட்டும்.

அந்தப் பையனுக்கு அவனுடைய அக்கா செய்தாள். இரண்டு நாள் கைபேசி அவளிடம் இருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது, மற்றதை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, அணித்தோழன் ஒருவன் அனுப்பிய குரல்பதிவை முதலில் போட்டுக் காட்டினாளாம்: "டேய், உன் வகுப்பு நோட்ஸ் என்கிட்ட இருக்கு, நாளைக்குக் கொண்டுவரேன்."