எள் நூடுல்ஸை ஆறவைக்கும் அந்த அரை மணி நேரம்

காலை பத்து மணிக்கு வேகவைத்த நூடுல்ஸ். ஆழமான எவர்சில்வர் பாத்திரத்தில் நான்கு கிலோ இருக்கும். மேலே ஈரத் துணி போட்டு மூடியிருந்தது. மாலையில் வீடுகளுக்குக் குளிர்ந்த எள் நூடுல்ஸ் செய்து அனுப்பும் சிறிய சமையலறை அது. உணவுப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பது என் தொழில் என்பதால் பார்வையிடப் போயிருந்தேன். "தொட்டுப் பாருங்கள் சார், நன்றாக ஆறிவிட்டது" என்றார் சமைக்கும் அம்மா. மேல்பகுதி ஆறித்தான் இருந்தது. வெப்பமானியை நடுவில் செருகினேன். வடித்து மூன்று மணி நேரம் ஆகியும் 43 டிகிரி காட்டியது. அவர் முகம் வாடிவிட்டது. அவருடைய சுத்தத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. பாத்திரத்தின் ஆழம்தான் வினையாகிவிட்டது.

அரிசியிலும் கோதுமையிலும் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டிக்கொண்டிருப்பது சாதாரணம். கொதிநீரில் அந்த வித்துகள் சாவதில்லை. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் முளைத்துப் பெருகத் தொடங்குகின்றன. 5 டிகிரிக்குக் கீழே போனால் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. இவற்றில் சில வகைகள் சீரியூலைடு என்ற நச்சை உண்டாக்கும். அதற்கு மணமும் இல்லை, தனிச்சுவையும் இல்லை. 121 டிகிரிக்குச் சூடேற்றினாலும் அது சிதையாது. ஆகையால், முகர்ந்து பார்த்து முடிவு செய்வதும், மறுபடி சூடாக்கினால் சரியாகிவிடும் என்று நம்புவதும் இங்கே உதவாது.

சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். பெரும்பாலோருக்கு ஒரு நாளில் தணிந்துவிடும். ஆனால் 2008இல் பெல்ஜியத்தில், ஐந்து நாள் வெளியிலேயே இருந்த ஸ்பெகட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்ட 20 வயது மாணவர் மறுநாள் காலையில் உயிருடன் இல்லை. வகுப்பெடுக்கும்போது இந்த நிகழ்வை நான் விடாமல் சொல்வேன். பயமுறுத்துகிறேன் என்று சிலர் வருத்தப்பட்டதும் உண்டு. சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வருவதில்லை.

குளிர்ந்த நூடுல்ஸுக்குச் சீனாவில் லியாங்மியான் என்று பெயர். சிச்சுவானில் வெந்த நூடுல்ஸை அகலமாகப் பரப்பி, எண்ணெய் பிசிறி, விசிறி கொண்டு விசிறி ஆறவைப்பது பழைய வழக்கம். இழைகள் ஒட்டாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது, சூட்டையும் விரைவாக இறக்கிவிடுகிறது. நியூயார்க்கின் சீனர் குடியிருப்பு உணவகங்களில் 1970களில் புகழ்பெற்ற வகை கொஞ்சம் இனிப்பானது. அதில் எள் விழுதோடு வேர்க்கடலை வெண்ணெயும் சேர்ப்பவர்கள் உண்டு.

வீட்டில் மூன்று பேருக்கு 250 கிராம் முட்டை நூடுல்ஸ் போதும். வெந்ததும் வடித்து, உடனே ஐஸ் நீரில் அலசுங்கள். நம் கோடையில் குழாய் நீரே வெதுவெதுப்பாக வரும். அதை நம்ப வேண்டாம். அலசும் நீரும் ஐஸும் குடிக்கத் தகுந்த நீராக இருக்கட்டும், ஏனென்றால் இதற்குப் பிறகு இந்த உணவு அடுப்பைப் பார்க்கப் போவதில்லை. நீரை நன்றாக வடித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசிறி, அகலத் தட்டில் மெல்லப் பரப்பி, அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

விழுதுக்கு வறுத்த எள் அரைத்தது மூன்று மேசைக்கரண்டி, சோயா சாஸ் இரண்டு, அரிசி வினிகர் ஒன்று, சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, துருவிய இஞ்சி, பூண்டு, மிளகாய் எண்ணெய். முதல் கரண்டி நீர் விட்டதும் எள் விழுது இறுகிக் கட்டியாகும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் விட்டுக் கலக்கினால் பளபளவென்று இளகிவிடும். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளை ஆட்டி எடுப்பது. சீனச் சமையலில் வாசனைக்கு ஊற்றுவது வறுத்த எள்ளின் எண்ணெய். கிடைக்காவிட்டால் எள்ளைக் கொஞ்சம் கூடுதலாக வறுத்து நல்லெண்ணெயில் அரைக்கலாம். நீர் கலந்த விழுதை மிஞ்சாத அளவுக்கே செய்யுங்கள். உலர்ந்த எள் விழுதில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கக்கூடும். நீர் சேர்ந்தால் அது பெருக வழி கிடைக்கும்.

விருந்தினருக்குப் பரிமாறுமுன் எள்ளும் வேர்க்கடலையும் ஒவ்வாதா என்று வாய்திறந்து கேளுங்கள். அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளை ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாக உறையில் குறிப்பிட வேண்டும். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அன்று அந்த நான்கு கிலோவையும் கொட்டச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு மனமே வரவில்லை. எனக்கும் வயிறு எரிந்தது. அடுத்த வாரம் போனபோது நான்கு அகலத் தட்டுகள் வாங்கி வைத்திருந்தார். வெப்பமானியை இந்த முறை அவரே செருகினார். 5 டிகிரி.