காலநிலை மாதிரியா, மாதிரியுருவா?

"உப்பு மாதிரிகள் காலநிலை மாதிரிகளுடன் ஒத்துப்போகின்றன." பழங்கால உப்புப் படிவுகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இப்படி ஒரு வாக்கியத்தைக் கூசாமல் எழுதிவிட்டுப் போகிறார்கள். முதல் மாதிரி, பூமியைத் துளைத்து எடுத்த உப்புத் துண்டு. நாக்கில் வைத்தால் கரிக்கும். இரண்டாவது, காற்று, கடல், வெயில், மழை எல்லாவற்றையும் சமன்பாடுகளாக்கிக் கணினியில் ஓட்டும் கணக்கு. ஆங்கிலத்தில் முதலாவது 'சாம்பிள்', இரண்டாவது 'மாடல்'. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர்!

சொல்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கில 'மாடல்' இத்தாலிய 'மொதெல்லோ' வழியாக, அளவு என்று பொருள்படும் லத்தீன் 'மோதுஸ்' வரை போகிறது. 'மாதிரி'யை 'மாத்ருகா' என்ற வடசொல்லோடு சேர்ப்பவர்கள் உண்டு. தெலுங்கிலும் மலையாளத்திலும் அது புழங்குகிறது. எங்கே பிறந்தால் என்ன, இன்று அது வீட்டுச் சொல். எனக்கு வருத்தமெல்லாம் அதன் தலையில் ஏற்றிய சுமையைப் பார்த்துத்தான்.

பேச்சில் 'மாதிரி' என்றால் போல. 'ஒரு மாதிரியான ஆள்' என்றால் வேறு பொருள், அதை விளக்க வேண்டியதில்லை. மாதிரிப் பள்ளி என்றால் மற்றவை பார்த்து நடக்க வேண்டிய பள்ளி. மாதிரித் தேர்வு என்றால் உண்மைத் தேர்வுக்கு முந்தைய ஒத்திகை. மாதிரி வாக்குப்பதிவில் போடும் ஓட்டு எண்ணிக்கையில் சேராது. வயலில் மண் மாதிரி எடுக்கும் விவசாயிக்கோ அது ஒரு பிடி மண். இத்தனையையும் சுமக்கும் சொல்லின் மேல் காலநிலையையும் ஏற்றினால் என்ன ஆகும்? 'மாடல் ரன்' என்பதை 'மாதிரி ஓட்டம்' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். கணினி நிஜமாகவே ஓடி முடித்த கணக்கு, வாசிப்பவருக்கு வெள்ளோட்டமாகிவிட்டது.

இது வெறும் சொல் சண்டை என்பவர்கள் சாக்கடலைப் பார்க்கட்டும். பெயரில் கடலானாலும் அது ஓர் உப்பு ஏரி. 2010-இல் ஆய்வாளர்கள் அதன் அடித்தரையில் துளைபோடத் தொடங்கி, 450 மீட்டருக்கும் கீழே வரை சேறும் உப்புமாக எடுத்தார்கள். மழையும் ஆற்றுநீரும் குறைந்து ஏரி சுருங்கும்போது, கரைந்திருந்த உப்பு படிகமாகி அடியில் தங்கும். ஆகவே தடித்த உப்பு அடுக்கு என்றால் நீண்ட வறட்சி. ஏறத்தாழ 1,20,000 ஆண்டுகளுக்கு முன்னும், மறுபடி 10,000 ஆண்டுகளுக்கு முன்னும் மழையாலும் ஆறுகளாலும் அங்கே வந்த நீர் சில சமயங்களில் இன்றைய அளவில் ஐந்தில் ஒரு பங்காகவே சுருங்கியிருக்கிறது என்று அந்த உப்பிலிருந்து கணக்கிட்டார்கள்.

காலநிலைக் கணக்கு தொடங்குவது எதிர்முனையிலிருந்து. அந்தக் காலத்துப் பூமியின் சுற்றுப்பாதை, சாய்வு, காற்றிலிருந்த கரியமில வாயு இவற்றைக் கொடுத்தால், மழை எவ்வளவு, ஆவியானது எவ்வளவு என்று அது சொல்லும். உப்பைப் பார்க்காமலே சொல்கிறது என்பதுதான் இதில் முக்கியம். இரண்டும் ஒரே விடைக்கு வந்தால் நம்பிக்கை கூடும். வராவிட்டால் சமன்பாட்டில் கோளாறா, உப்பைப் படித்ததில் கோளாறா என்று தேட வேண்டும். இப்போது "மாதிரிகளின்படி மழை பெரிதும் குறைந்தது" என்று எழுதிப் பாருங்கள். சொன்னது சாட்சியா, கணக்கா? ஒன்றைக் கொண்டு மற்றதைச் சோதிக்கும் வேலையே அந்த வாக்கியத்தில் காணாமல் போய்விட்டது.

தனித்தமிழ் அன்பர்கள் 'படிமம்' என்று ஒரு மாற்றைக் கொண்டுவருவார்கள். கவிதை விமர்சகர்கள் ஏற்கெனவே வளைத்துக்கொண்ட சொல் என்பதுகூடப் பரவாயில்லை. நிலவியலில் அது விபரீதம். பாறையில் பதிந்த பழைய உயிரைப் புதைபடிமம் என்கிறோம். தேங்கி இறுகியதைப் படிவு என்கிறோம். 'உப்புப் படிவும் காலநிலைப் படிமமும்' என்று எழுதினால், இரண்டையும் மண்ணைத் தோண்டி எடுத்ததாகவே எவரும் நினைப்பார். 'போலி', 'போலிகை' என்றெல்லாம் போனால் வம்பு இன்னும் பெரிது. காலநிலை ஆய்வே பொய் என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கு நாமே பட்டயம் எழுதிக் கொடுத்ததாகும். அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு சொல் செய்கிறவர்கள், அது போய் உட்காரப்போகும் வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் பாதித் தொல்லை தீரும்.

இலங்கைப் பாடநூல்களில் 'மாதிரியுரு' இருக்கிறது. பிள்ளைகள் படித்துப் பழகிய சொல். ஒன்றைப் போலச் செய்துகொண்ட உரு என்று கேட்டதும் விளங்குகிறது. அதிலும் 'மாதிரி' ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்பார்கள். ஒட்டியிருக்கட்டும், 'உரு' வந்ததும் அது துண்டு உப்பைக் குறிக்காது. துண்டு உப்புக்கு 'மாதிரி'யையே விட்டுவிடலாம். மண் மாதிரி எடுப்பவரிடம் போய் அந்தச் சொல்லைப் பிடுங்க வேண்டாம்.

மாதிரியுரு நாக்கில் ஏறவில்லை என்றால் 'காலநிலை மாடல்' என்றே எழுதுங்கள். மழைக்காலத்தில் வானிலை ஆர்வலர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள், கேட்பவர்களுக்கும் புரிகிறது. குழப்புகிற தமிழ்ச் சொல்லைவிடத் தெளிவான கடன் சொல் எனக்கு மேல். முதலில் காட்டிய வாக்கியத்தை நான் இப்படி மாற்றுவேன்: "துளையில் எடுத்த உப்பு காட்டும் வறட்சியைக் காலநிலை மாதிரியுருவும் காட்டுகிறது."