முயலுக்குக் கருத்தடை ஆபரேஷனா? தையலை விடுங்கள், புழுக்கையைப் பாருங்கள்

பெண் முயலுக்குக் கருத்தடை ஆபரேஷன் முடித்து வீட்டுக்கு அனுப்பிய அன்று இரவு எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வயிற்றுத் தையல், நாலு கோணத்தில். "டாக்டர், ஓரத்துல லேசா சிவந்திருக்கு, பரவாயில்லையா?" பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டதா, புழுக்கை போட்டதா என்று கேட்டால் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நாய் வளர்த்துப் பழகியவர்களுக்கு இது தோன்றாதது இயல்புதான், ஆபரேஷன் முடிந்த நாய் ஒரு ராத்திரி சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் யாரும் பதறுவதில்லை, பதற வேண்டியதும் இல்லை. முயல் விஷயத்தில் பதற வேண்டும்.

முயலின் குடல் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மயக்க மருந்து, வலி, ஆட்டோவில் வந்த பயம் எல்லாம் சேர்ந்து அதை மந்தமாக்கிவிடும். மந்தமானால் உள்ளே வாயு சேரும், வாயு சேர்ந்தால் வலிக்கும், வலித்தால் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் குடல் இன்னும் மந்தமாகும். இப்படி 12 மணி நேரம் போனாலே நிலைமை மோசம். பிரிட்டனில் 2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட முயல்களில் இறந்தவை 1.39 சதவீதம். நாய்களில் அது 0.17 சதவீதம்தான். நான் கவனிக்கச் சொல்வது அதிலுள்ள இன்னொரு விஷயத்தை: அந்த முயல் மரணங்களில் பாதிக்கும் மேல் ஆபரேஷன் மேசையில் நடக்கவில்லை, மயக்கம் தெளிகிற நேரத்திலும் அதற்குப் பிறகும்தான் நடந்தன.

அப்படியென்றால் ஆபரேஷனே வேண்டாமே என்று சிலர் கேட்பார்கள். கருத்தடை செய்யாத பெண் முயலுக்கு 4 வயதைத் தாண்டினால் கர்ப்பப்பைப் புற்றுநோய் வருவது சர்வசாதாரணம், சில இனங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு வருகிறது. ஐந்தாறு மாத வயதில், ஆரோக்கியமாக இருக்கும்போதே செய்துவிடுவதுதான் நல்லது. ஒரே ஒரு விஷயம், முந்தின இரவே பட்டினி போடாதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் நாய்க்குச் சொல்கிற அந்த விதி இதற்குப் பொருந்தாது. அதற்குப் பிடித்த கீரையையும் புல்லையும் ஒரு பையில் போட்டுக் கூடவே கொண்டு வாருங்கள், மயக்கம் தெளிந்ததும் முதலில் மூக்குக்கு நேராக வைக்க வேண்டியது அதைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் கூண்டில் மரத்தூள் வேண்டாம், தையலில் ஒட்டும். பழைய பருத்தித் துண்டை விரித்துவிடுங்கள், புழுக்கையை எண்ணவும் வசதி. மயக்கம் தெளிகிற நேரத்தில் உடம்புச் சூடு இறங்கும், காது ரொம்பக் குளிர்ந்து கிடந்தால் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள், ஏசியை நேராக அதன் மேல் அடிக்க விடாதீர்கள். ஆனால் நம் ஊர் மே மாத மதியத்தில் இதையே செய்துகொண்டிருக்கக் கூடாது, 30 டிகிரிக்கு மேல் போனாலே முயல் திணறும். முதல் சில மணி நேரம் கதகதப்பு, அப்புறம் காற்றோட்டமான நிழல்.

சாப்பாட்டில் டிமோதி புல் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் மருந்தடிக்காத அருகம்புல், கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை. வைக்கோல் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. கீழே விரிக்கப் போதும், தெம்பு தராது. கேரட்டையும் வாழைப்பழத்தையும் ஆசைக்கு ஒரு துண்டு காட்டிப் பசியைக் கிளப்பலாம், அதையே சாப்பாடாக்கினால் குடல் கெடும். தண்ணீரைப் பாட்டிலைவிடக் கிண்ணத்தில் வைத்தால் கூடுதலாகக் குடிக்கும்.

இரவு வரை வாயே வைக்கவில்லை என்றால் சிரிஞ்சில் ஊட்டுங்கள். இதற்கென்றே வரும் பவுடர் இருக்கிறது, முன்கூட்டியே வாங்கி வையுங்கள், ராத்திரி பத்து மணிக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது. கையில் இல்லையென்றால் வழக்கமாகத் தின்கிற பெல்லட்டையே வெந்நீரில் ஊறவைத்து நைசாகக் கரைத்துக்கொள்ளலாம். முயலை மல்லாத்தக் கூடாது. உட்கார்ந்தபடியே, முன்பற்களுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டில் சிரிஞ்சை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, மென்று விழுங்க நேரம் கொடுத்து. 2 கிலோ முயலுக்கு ஒரு வேளைக்கு 20 முதல் 30 மில்லி, நாளைக்கு நாலைந்து தடவை. வயிறு மத்தளம் போல் விறைத்திருந்தால் மட்டும் எதையும் ஊட்டாமல் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

வலி மருந்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். "இப்போ நல்லாத்தான் இருக்கு, மருந்து எதுக்கு" என்று நிறுத்திவிடுகிறார்கள். முயல் காட்டில் இரையாக இருந்து பழகிய பிராணி, வலியை வெளியே காட்டாது. கண்ணைப் பாதி மூடி, முதுகைக் கூனி, மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிக்கிறதென்றால் நன்றாக வலிக்கிறது என்று அர்த்தம். மெலாக்சிகாம் மருந்து, எடைக்கு எடை பார்த்தால், நாயைவிட முயலுக்குக் கூடுதலாகவே தேவைப்படும், அளவைப் பார்த்துப் பயந்து நீங்களாகக் குறைக்காதீர்கள். அதே சமயம், புண் ஆறட்டும் என்று மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளின்டாமைசின் போன்றவை வாய்வழி போனால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்துவிடும், சில நாளில் கழிச்சல் கண்டு சாகும். நாய்க்கு எழுதிக் கொடுத்த மருந்து மிச்சம் இருக்கிற வீடுகளில் இந்த ஆபத்து அதிகம்.

தையலுக்கு வருவோம். மஞ்சள், வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதை நக்கி நக்கியே தையலைப் பிரித்துவிடும். கழுத்தில் கூம்புக் காலர் மாட்டுவதும் எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. முயல் தன் மென்மையான புழுக்கையை நேராகப் பின்பக்கத்திலிருந்தே வாயால் எடுத்துத் தின்னும், அதுவும் அதற்கு ஊட்டம்தான், காலர் அதைத் தடுத்துவிடும். கடிக்கிற முயலுக்குப் பழைய பனியன் துணியில் ஒரு சட்டை தைத்துப் போட்டால் பெரும்பாலும் போதும். ஈ உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. ஈரமான பின்பக்கத்திலோ காயத்திலோ ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும், கொசுவலை போட்டு மூடுங்கள், காலையிலும் மாலையிலும் வயிற்றுப் பக்கம் புரட்டாமல் எட்டிப் பாருங்கள்.

மறுநாள் காலைக்குள் புழுக்கை வர வேண்டும். முதலில் சின்னதாக, குறைவாக வந்தாலும் சரி, குடல் ஓடத் தொடங்கிவிட்டது. ஒன்றுகூட இல்லை, சிரிஞ்சையும் தட்டிவிடுகிறது என்றால் சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

தூக்கும்போது பின்பக்கத்துக்குக் கை கொடுங்கள், உதறினால் முதுகெலும்பே உடையும். பத்து நாள் சோபா ஏற விடாதீர்கள். வீட்டில் ஆண் முயல் இருந்தால் பார்க்கிற தூரத்தில் வைக்கலாம், ஏற விடக் கூடாது, அதற்கும் இப்போதுதான் கருத்தடை ஆனது என்றாலும்கூட. ஆபரேஷன் ஆன ஆணுக்கு நாலு முதல் ஆறு வாரம் வரை விந்தில் உயிர் இருக்கும், அதுவரை வேறு பெண் முயல் இருக்கும் அறைக்குள்ளும் விடாதீர்கள்.