ரயில் கட்டணத்தைக் கேட்கும் முன் குட்ஸ் ஷெட்டைப் பாருங்கள்

"லாரியைவிட ரயிலில் டன்னுக்கு எவ்வளவு மிச்சமாகும்?" ஆலோசனைக்கு வரும் ஆலை முதலாளிகள் எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான். "சரக்கை எந்த ஷெட்டில் இறக்கப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ரயிலில் வரும் சரக்கை ஏற்றி இறக்கும் ரயில்வே இடம்தான் ஷெட்.

ரயில்வே முதலீடு என்றாலே செய்தியில் வருவது தண்டவாளமும் வேகனும்தான். தாத்ரியிலிருந்து மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கி.மீ., லூதியானாவிலிருந்து சோன்நகர் வரை 1,337 கி.மீ. என இரண்டு தனிச் சரக்குப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஓடி மிச்சமாகும் நேரமெல்லாம் கடைசி ஷெட்டில் கரைந்துவிடலாம்.

கணக்கைப் பாருங்கள். மூட்டைச் சரக்குக்கு இப்போது அதிகம் வருவது பி.சி.என்.எச்.எல். வகை மூடிய வேகன். ஒரு ரேக்குக்கு, அதாவது சேர்ந்து ஓடும் முழு வேகன் தொடருக்கு, 58 வேகன். அரிசியோ சிமென்ட்டோ ஏற்றினால் 3,500 டன்னுக்கு மேல் வரும். ஐம்பது கிலோ மூட்டையாகப் பார்த்தால் 70,000 மூட்டை. லாரிக்கு 20 டன் என்றால் 175 நடை. இத்தனையும் ரயில்வே தரும் இலவச நேரத்துக்குள், அதாவது ஏறக்குறைய ஒரு பகல் பொழுதின் அளவுக்குள், கையாலேயே இறங்க வேண்டும். தவறினால் டெமரேஜ், அதாவது வேகனைத் தாமதமாக விடுவதற்கான கட்டணம். அடிப்படை விகிதம் வேகனுக்கு மணிக்கு 150 ரூபாய். முழு ரேக்குக்கு 8,700. பத்து நிமிடம் கூடினாலும் ஒரு மணி நேரமாகத்தான் எழுதுவார்கள். ஐந்து வேகன்தான் பாக்கி என்றாலும் கணக்கு ரேக் முழுவதற்கும்தான். வேகன் பெரிதாகப் பெரிதாக ரயில்வேக்கு லாபம். ஷெட் பழையபடியே இருந்தால் சுமை நம் தலையில்.

அதனால் ஷெட்டை நேரில் போய்ப் பார்க்கச் சொல்கிறேன், முடிந்தால் மழை பெய்த மறுநாள். முதலில் லைனின் நீளம். முழு ரேக்கும் ஒரே நேரத்தில் நிற்குமா, அல்லது பாதி பாதியாக வெட்டி வைப்பார்களா? வெட்டினால் ஷண்டிங் (எஞ்சின் வைத்து வேகன்களை நகர்த்தி மாற்றுவது), காத்திருப்பு, இரண்டு முறை ஆள் திரட்டல். அப்புறம் தளம். காங்கிரீட் பெயர்ந்த இடத்தில் டிராலி ஓடாது, தலைச்சுமைதான். பிளாட்பாரத்தில் ஒரு லாரி நிற்கும்போது இன்னொன்று தாண்டிப் போக முடியுமா? இரவு விளக்கு எரிகிறதா? ரேக் நம் வசதிக்கு வராது, ராத்திரி இரண்டு மணிக்கும் வைப்பார்கள். வெளியே வந்தால் ஊருக்குள் பகலில் லாரிக்குத் தடை இருக்கிறதா? இருந்தால் இறக்கிய சரக்கு ஷெட்டிலேயே கிடக்கும், அதற்கு வார்ஃபேஜ் என்ற இடக் கட்டணம் தனியாக ஏறும்.

சிலர், "நாமே வேகன் வாங்கிவிடலாமே" என்பார்கள். அதற்கும் 2018 முதல் திட்டம் உண்டு, கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் போட்ட பணம் திரும்புவது ரேக் மாதத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதில் இருக்கிறது. இரண்டு முனையிலும் இறக்க நாளாகிறது என்றால் சொந்த வேகனும் சும்மாதான் நிற்கும். முதலீடு செய்யும் தெம்பு இருந்தால் அதை முனையத்தில் போடுங்கள் என்பதே என் கட்சி. 2021 டிசம்பரில் வந்த கதி சக்தி சரக்கு முனையக் கொள்கையின்படி, சொந்த நிலத்தில் முனையம் கட்டி, மற்றவர் சரக்கையும் கையாளலாம். நான்கைந்து ஆலைகள் சேர்ந்து செய்தால் கட்டுப்படியாகும். ஒற்றை ஆலை கடன் வாங்கி இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதெல்லாம் பிறகு, இப்போதைக்கு ஷெட்தான் என்றால் ஒன்று செய்யுங்கள். ரேக் வைத்த நேரத்தையும் விடுவித்த நேரத்தையும் உங்கள் ஆளும் தனியாகக் குறித்து, ரயில்வே பதிவேட்டோடு அன்றே ஒப்பிட்டுவிட வேண்டும். மழை, மின்தடை என்றால் நேரம் தெரியும்படி போட்டோவும் எடுக்கட்டும். டெமரேஜ் தள்ளுபடி கேட்டு மனுப் போடலாம்தான். பில் வந்தபின் வாய்மொழியாகச் சொன்னால் எடுபடாது.