கச்சான் காற்று வரும்வரை

வெள்ளம் வடிந்த பிறகு நூலகத்தின் கதவைத் திறப்பவர் முதலில் சேற்றைத்தான் பார்ப்பார். கொஞ்சம் கழித்தே இன்னொன்று கண்ணில் படும். ஒரு விரலால் இழுத்தாலே வந்த புத்தகங்கள் இப்போது அசைய மறுக்கும். ஒன்றையொன்று நெருக்கி, இறாக்கையின் பக்கப் பலகையையே வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும்.

தாள் என்பது தாவர நார்களின் பின்னல். அந்த நார்களிலுள்ள செலுலோசு தண்ணீரை விரும்பி இழுத்துக்கொள்ளும். இழுத்த நார் நீளவாட்டில் ஏறக்குறைய மாறாது, குறுக்குவாட்டில் ஊதும். ஒற்றைத் தாளில் அது தெரியாது. முந்நூறு தாள்கள் சேர்ந்த புத்தகத்தில் அதுவே பலகையைப் பெயர்க்கும் விசை. அதோடு, நார்களைப் பிணைத்துவைத்திருந்த ஐதரசன் பிணைப்புகளின் இடத்தையும் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. உலர்ந்தபோது இருந்த பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் நனைந்த சாதாரணத் தாளுக்கு மிஞ்சும். முதுகைப் பிடித்து இழுத்தால் முதுகு மட்டும் கையோடு வரும். பக்கப் பலகையைத் தளர்த்தி, ஓரத்திலிருந்து இரண்டு கைகளாலும் தாங்கி எடுப்பதே வழி.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து திருகோணமலையின் கொட்டியாரக்குடாவில் கடலைச் சேர்கிறது. மலைநாட்டு மழையும் நம் மழையும் ஒரே நாட்களில் சந்தித்தால் என்ன ஆகும் என்று மூதூர், கிளிவெட்டி, வெருகல் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணம் மூழ்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. இரண்டும் மாரிகாலம். நமக்கு மழை தருவதும் வெள்ளம் தருவதும் ஒரே வாடைக்காற்றுதான். ஆகவே வெள்ளம் வடிந்த மறுநாள் நல்ல வெயில் எறிக்கும் என்று நம்பி எந்த நூலகரும் திட்டம் போட முடியாது. “காற்றோட்டமான இடத்தில் உலர்த்துங்கள்” என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனை. டிசம்பரில் இங்கே வீசும் காற்றே ஈரமானது.

எவ்வளவு ஈரம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இக்காலத் தாளில் அச்சான புத்தகம் முற்றாக நனைந்தால் தன் நிறையில் 60 சதவீதம் வரை தண்ணீர் ஏந்தும். 400 கிராம் புத்தகத்தில் 240 கிராம். ஆயிரம் புத்தகங்களில் 240 லீற்றர். இனி அறையைப் பாருங்கள். 6 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம் என்றால் 90 கனமீற்றர் காற்று. 27 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்று சுமார் 26 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது. சாரீரப்பதன், அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் ஏற்கெனவே இருக்கும் பங்கு, 80 சதவீதமாக இருந்தால் அதில் 21 கிராம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. மிச்சம் 5 கிராம், அறை முழுவதற்கும் 450 கிராம். ஆயிரம் புத்தகங்களை உலர்த்த வேண்டிய அந்த அறையின் காற்றால் இரண்டு புத்தகங்களின் தண்ணீரைக்கூட முழுதாக வாங்க முடியாது! யன்னல்களைச் சாத்திவிட்டு மின்விசிறியைச் சுழலவிட்டால் அதே ஈரம்தான் அறைக்குள் சுற்றிச்சுற்றி வரும். ஈரத்தைப் பிடித்து வெளியேற்றும் கருவியோ குளிரூட்டியோ இருந்தால்தான் கணக்கு மாறும். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும்.

இதற்கிடையில் பூஞ்சணத்துக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வித்திகள், அதாவது விதைபோன்ற நுண்துகள்கள், எப்போதும் காற்றில் மிதப்பவை. சாரீரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டினாலே அவற்றுக்கு வாய்ப்பு. நனைந்த தாளும் அட்டையின் பசையும் வெதுவெதுப்பான அறையும் ஒன்றாகக் கிடைத்தால் 48 மணித்தியாலத்துக்குள் முளைத்துவிடும்.

இரண்டு நாட்களில் ஆயிரம் புத்தகங்களை உலர்த்த முடியாதென்றால் எவற்றை முதலில் எடுப்பது? என் முடிவை ஒளிக்காமல் சொல்கிறேன். இரவல் பகுதியிலுள்ள நாவல்களையும் பாடநூல்களையும் விட்டுவிடலாம். அவற்றைக் கடையில் மறுபடியும் வாங்கலாம். உசாத்துணைப் பகுதியின் மூலையில் கிடக்கும் பாடசாலை நூற்றாண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிவாசல் நினைவு மலர், யாரோ ஓய்வுபெற்ற ஆசிரியர் தன் செலவில் அச்சிட்ட ஊர் வரலாறு ஆகியவற்றைத்தான் காப்பாற்ற வேண்டும். அவை முந்நூறு பிரதிகள் அச்சாகி, முந்நூறு வீடுகளுக்குப் போய், அந்த வீடுகளையும் அதே வெள்ளம் நனைத்திருக்கும். நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு நூலையும் கையால் பதிந்துவைக்கும் சேர்வுப் பதிவேட்டையும் மறக்கக் கூடாது. அச்சு மை தண்ணீரில் கரைவது அரிது. ஊற்றுப்பேனா எழுத்தும் றப்பர் முத்திரையும் கரைந்தோடிவிடும்.

கொடுமை என்னவென்றால், இந்த மலர்களின் படப் பக்கங்கள் பெரும்பாலும் வழுவழுப்பான ஆர்ட் தாளில் இருக்கும். அந்த வழுவழுப்பு வெண்களிமண்ணும் பசையும் கலந்த பூச்சு. நனைந்தால் பசை இளகும். மூடியபடியே உலர்ந்தால் பக்கங்கள் ஒரே பலகையாக ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் முகங்கள் உரிந்து வரும். ஈரம் காயுமுன், சில மணித்தியாலங்களுக்குள், இடையிடையே மெழுகுத்தாள் செருகிப் பக்கங்களைப் பிரிக்க வேண்டும். முடியாவிட்டால் உறையவைக்க வேண்டும்.

உறையவைப்பது எனக்கு மிகவும் பிடித்த வழி. பூச்சியப் பாகைக்குக் கீழே 20 பாகையில் பூஞ்சணம் சாகாது, ஆனால் வளராது. மை நகராது, தாள் மேலும் ஊதாது. பெரிய நாடுகளில் உறைந்த புத்தகங்களை வெற்றிட அறையில் வைத்து, பனிக்கட்டியை நீராகவிடாமல் நேரே ஆவியாக்கிவிடுகிறார்கள். அந்த இயந்திரம் இல்லையே என்று நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 1966 நவம்பரில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு தேசிய நூலகத்துக்குள் புகுந்தபோது, நனைந்த நூல்கள் பலவற்றைப் புகையிலை உலர்த்தும் சூளைகளில் வைத்துத்தான் உலர்த்தினார்கள். கையெட்டும் தூரத்தில் இருந்தது புகையிலைச் சூளை. நமக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பவை மீன் வியாபாரிகளின் குளிர்அறைகளும் ஐஸ்கிரீம் பெட்டிகளும். சேறு படிந்த புத்தகத்தைத் திறக்காமல், தேய்க்காமல், நல்ல தண்ணீரில் அலசி, பொலித்தீனில் சுற்றி, கழுவிய மீன் பெட்டியில் முதுகு கீழாக ஒரே அடுக்காக நிறுத்தி, அந்தக் குளிர்அறையில் உறையவிட்டால் போதும். பனிக்கட்டி நிரப்பிய பெட்டி இதற்கு ஈடாகாது. அது பூச்சியப் பாகையைத்தான் தரும். ஓரிரு நாள் தாமதிக்க மட்டும் உதவும். கையுறை கட்டாயம் வேண்டும். மலசலகூடக் குழிகளைக் கடந்து வந்த வெள்ளத்தில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம்.

உள்ளே வந்தது ஆற்று நீரல்ல, 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் வந்ததுபோலக் கடல் நீர் என்றால் அலசுவது இன்னும் முக்கியம். தாளில் தங்கும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை மறுபடி மறுபடி இழுக்கும். உலர்ந்துவிட்டதாக நினைத்த புத்தகம் அடுத்த மாரியில் மீண்டும் பிசுபிசுக்கும்.

உறைந்தவை மாதக்கணக்கில் காத்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது அமுக்கத்தால் சூடேறி, வறண்ட கச்சானாக நம்மை அடைகிறது. ஜூன், ஜூலையில் உதட்டை வெடிக்கவைக்கும் அதே காற்றுதான் இலவச உலர்த்தி. அதற்குள் கட்டடச் சுவரும் தான் உறிஞ்சிய நீரை விட்டிருக்கும். அன்றைக்குப் பத்துப் புத்தகங்களை மட்டும் வெளியே எடுத்து, நிழலில், யன்னல்களைத் திறந்துவைத்து, விசிறிபோல் விரித்து நிறுத்தலாம். வெயிலில் வைத்தால் மேற்புறம் முந்திக் காய்ந்து தாள் நெளியும், மஞ்சளிக்கும். இருபது தாளுக்கு ஒன்றாக அச்சிடாத வெள்ளைத்தாளைச் செருகி, அது நனைந்ததும் மாற்ற வேண்டும். தொட்டுப் பார்த்து உலர்ந்துவிட்டது என்று முடிவெடுக்கக் கூடாது, நடுத்தாள் பொய் சொல்லும். கடைத் தராசில் நாள்தோறும் நிறுத்துக் குறித்துவைக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் நிறை குறையாமல் நின்றால், புத்தகத்தை மூடிப் பலகைகளுக்கிடையில் வைத்து மேலே பாரம் ஏற்றலாம்.