சம்பளம் கூடியும் மனம் நிறையாதது ஏன்?

கோலாலம்பூரில் காலையில் பிரிக்ஃபீல்ட்ஸ், பங்சார் பக்கமிருந்து ரயிலேறி யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கி மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களில் விரிவுரையாளர்கள் ஒரு பகுதிதான். தேர்வுப் பிரிவு கிளார்க், ஆய்வுக்கூட உதவியாளர், நூலக ஊழியர், காவலர், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் சேர்ந்ததுதான் பல்கலைக்கழகம். வேலையில் மனநிறைவு என்று பேசும்போது இவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் பிட்ஸ்பர்க்கில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு, 1959இல் ஒரு முடிவை வெளியிட்டார். சம்பளமும் மேலதிகாரியும் சரியில்லையென்றால் எரிச்சல் வரும்; சரியாகிவிட்டால் எரிச்சல் அடங்கும், அவ்வளவே. மனம் நிறைவது சாதித்த உணர்வாலும் பாராட்டாலும் பொறுப்பாலும்.

அலுவலக வேலையில் இந்தச் சாதித்த உணர்வுதான் எளிதில் காணாமல் போகிறது. ஒருவர் விண்ணப்பத்தைச் சரிபார்த்து அடுத்த மேசைக்கு அனுப்புகிறார். அதனால் ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள் பட்டம் பெற்றிருக்கலாம்; அவருக்கு அது தெரியவே தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும்? ஆடம் கிராண்ட் என்ற ஆய்வாளர் 2007இல் இதற்கு விடை தந்தார். ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் நன்கொடை திரட்டும் ஊழியர்கள், அந்தப் பணத்தில் படித்த மாணவர் ஒருவரைச் சில நிமிடங்கள் நேரில் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்து அவர்கள் பேசிய நேரமும் திரட்டிய தொகையும் இரண்டு மடங்கைத் தாண்டின. மாணவரின் கடிதத்தை மட்டும் படித்தவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. கோலாலம்பூரில் எந்தப் பல்கலைக்கழகமும் அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம் இது. செய்ய வேண்டும்.

இன்னொன்று, கையில் இருக்கும் அதிகாரம். வேலை மலைபோல் குவிந்து, முடிவெடுக்கும் உரிமை மட்டும் இல்லாதபோதுதான் மன அழுத்தம் முற்றும் என்று ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இல் காட்டினார். பதிவு வாரத்தில் முகப்பில் உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். மாணவர் அழுகிறார், பெற்றோர் கத்துகிறார்கள். கடைசித் தேதியை ஒருநாள் தள்ளிவைக்கக்கூட அவர் மேலிடத்துக் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். விரிவுரையாளருக்கும் வேலைப்பளு உண்டு; ஆனால் எதை எப்போது செய்வது என்பதில் கொஞ்சமாவது அவர் சொல் எடுபடும்.

ஹெர்ஸ்பெர்க்கை அப்படியே ஏற்கவும் முடியாது. நல்லது நடந்தால் ‘நான் செய்தேன்’ என்பதும், கெட்டது நடந்தால் நிர்வாகத்தைச் சாடுவதும் மனித இயல்பு. அவர் பேட்டிகளிலும் அது கலந்திருக்கும் என்ற விமர்சனம் நியாயமானது. சம்பளத்தில் பாரபட்சம் தெரிந்தால் உழைக்கும் மனமே குறையும் என்று 1960களில் உளவியலாளர் ஸ்டேசி ஆடம்ஸ் விளக்கியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒப்பந்தம் அடுத்த ஆண்டு நீளுமா என்று தெரியாமல் தரையைத் துடைக்கிறவருக்குப் பாராட்டுச் சான்றிதழைவிட முதலில் வேண்டியது நிரந்தர வேலை.